கழுத்தளவுப் பனி

தட்டான்மடை உப்பளத்தில் அந்த வருஷம் பனி ஆளை மூடுகிற அளவுக்குப் பெய்தது. பக்கத்து ஊரில் பொட்டுப் பனி இல்லை. அதுவும் வழக்கம்தான். தூத்துக்குடிப் பக்கம் பனி ஊர் பார்த்துப் பெய்யும், வருஷம் பார்த்துப் பெய்யும். யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

விடியக்காலம் சந்தனமாரி தன் புருஷன் உச்சிமாகாளியோடு அளத்துக்கு வந்தபோது பாத்தியெல்லாம் வெள்ளைவெளேர் என்று கிடந்தது. விளைந்துவிட்டது என்று நினைத்தார்கள். உப்பளத்து ஆட்களுக்கு வெள்ளையாகக் கிடப்பது எதுவானாலும் அது வாரவேண்டிய பொருள். வெயில் ஏறுவதற்குள் வாரி வரப்பில் ஏற்றிவிட வேண்டும். இது என்ன, ஏது என்று நின்று யோசித்தால் கூலி கிடையாது. ஆகவே ஆளுக்கொரு வார்பலகையை எடுத்து வாரினார்கள்.

“இந்தத் தடவ உப்பு கனமே இல்லையேட்டி” என்றாள் பாக்கியத்தாய். சந்தனமாரியோடு சேர்ந்து பெட்டி சுமக்கிறவள் அவள்.

“கனமில்லன்னா சந்தோசப்படு. மண்டை தப்பிச்சிச்சின்னு நெனச்சிக்கோ.”

“கையும் குளுருதே.”

“நேத்து எரிஞ்சிச்சி. இன்னைக்குக் குளுருது. கைக்கு என்ன வேல?”

வாரிக் குவித்த அம்பாரம் பனை உயரத்துக்கு எழும்பிவிட்டது. அப்புறம்தான் கங்காணி சொர்ணபாண்டி வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

“உப்பில்ல.”

“நல்லாப் பாருங்க அண்ணாச்சி” என்றான் உச்சிமாகாளி.

“பாத்தாச்சிடே. இது பனி. யாரு வாரச் சொன்னது?”

“வெள்ளையா கெடந்துச்சி.”

“வெள்ளையா கெடந்தா வாரிருவியளா? எங்க மாமனாரு வேட்டியக் காயப்போட்டா அதையும் வாரி அம்பாரம் போடுவிய. பனி கவர்மெண்டு சொத்து. எடுத்தத எடுத்த எடத்துல, எடுத்த மாதிரியே போடுங்க.”

எடுத்த இடத்தில் போடுவது பெரிய காரியம் இல்லை. எடுத்த மாதிரியே போடுவதுதான் கஷ்டம். மேலேயிருந்து விழுந்த பொருளை மனுஷன் கீழேயிருந்து எப்படி விழவைப்பான்? இருந்தாலும் முயன்றார்கள். உச்சிமாகாளி அம்பாரத்தின் அடியில் நின்று பலகையால் இழுத்துவிட்டான். அம்பாரம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, நடந்து களைத்த மாடு படுப்பது மாதிரி மெதுவாக அவன் மேல் படுத்தது. சத்தமே இல்லை.

பார்த்தால் உச்சிமாகாளியின் தலை மட்டும் வெளியே இருந்தது.

“மாட்டிக்கிட்டியளா?” என்று கேட்டாள் சந்தனமாரி.

“மாட்டுன மாதிரிதான் இருக்கு.”

“கைய அசைங்க பாப்போம்.”

“கை எங்க கெடக்குன்னே தெரியலட்டி.”

அவள் பலகையை ஓங்கினாள். கங்காணி பிடித்துக்கொண்டார்.

“தொடாத. அளக்காத பனியத் தொட்டா கேசு. இயல்புக்கு மேல பெய்ஞ்சிருக்குன்னு பனி ஆபீசுல சொன்னாத்தான் அள்ளணும். முன்னாடி வாரினதுக்கே நான் என்ன பதில் சொல்லப்போறனோ.”

“அதுக்குள்ள மனுசன் வெறைச்சிப் போவாவளே அண்ணாச்சி.”

“அதான் சொல்லுதேன், வெரசாப் போயிட்டு வா.”

சந்தனமாரி தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் காதைச் சுற்றிக் கட்டினாள். அவன் உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. வெற்றிலை கேட்டான். மடித்து வாயில் வைத்தாள். அவன் மெல்லுவதைப் பார்த்தாள். தாடை ஒரு பக்கம்தான் வேலை செய்தது. பொழுது சாய்வதற்குள் தோண்டி எடுக்காவிட்டால் அந்தப் பக்கமும் நின்றுவிடும் என்று அவளுக்குப் புரிந்தது.

பனி ஆபீசுக்கு அவள் ஏறிய பஸ் ஊர் ஊராகப் போனது. நெடுங்கரையில் பனி தெருவின் தெற்குப் பக்கம் மட்டும் இடுப்பளவு கிடந்தது. வடக்குப் பக்கத்து ஆட்கள் அங்கலாய்த்துக்கொண்டிருந்தார்கள், தங்களுக்கு ஏன் இல்லை என்று. சோலைக்குறிச்சியில் போன வருஷம் கோயில் கோபுரம் முங்கப் பெய்தது, இந்த வருஷம் கிணற்றுக்குள் மட்டும் பெய்திருந்தது. மந்திரியின் சொந்த ஊரான வாகைநல்லூரில் வெயில் கொளுத்தியது. அங்கே பனி விழுந்ததே கிடையாது. ஆனால் வருஷா வருஷம் இயல்பைவிட ஒரு அடி கூடுதல் என்று பஸ் ஸ்டாண்டில் பலகை மாட்டியிருந்தார்கள். பலகைக்கு மாலை போட்டிருந்தது.

பனி அலுவலகத்தின் வராந்தா நீளமாக இருந்தது. சந்தனமாரி நடக்க நடக்க இன்னும் நீண்டது. அவள் ஓடினாள். அதுவும் ஓடியது. சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன் கூடவே வந்துகொண்டிருந்தார். ஸ்டூலை விட்டு எழவே இல்லை.

“அவசரமாம்மா?” என்று கேட்டார்.

“ஆமாய்யா.”

“அதான் நீளுது. அவசரம்னு நெனைக்காத. நெனச்சா சாயங்காலம் வரைக்கும் நடக்க வேண்டியதுதான்.”

அவள் சிரமப்பட்டு வேறு எதையாவது நினைத்தாள். சாளைமீன் குழம்புக்குப் புளி இருக்கிறதா என்று நினைத்தாள். வீட்டில் புளி இல்லை. மாங்காய் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து முடிக்கும்போது ஆய்வாளர் அறையின் கதவு மூக்கில் இடித்தது.

பனி ஆய்வாளர் ஞானதிரவியம் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். அந்த அறைக்குச் சித்திரை மாதத்தை ஒதுக்கியிருந்தார்கள். வாசலுக்கு வெளியே மார்கழி.

“எந்த ஊரு?”

“தட்டான்மடை உப்பளம்யா.”

“பனி சம்பந்தமாவா, மனுசன் சம்பந்தமாவா?”

“ரெண்டும்யா. பனிக்குள்ள மனுசன்.”

“மனுசன் வேற துறை.”

“அப்ப பனின்னே வச்சிக்கோங்க.”

“எவ்வளவு பெய்ஞ்சிருக்கு?”

“கழுத்து வரைக்கும்.”

“கழுத்து ஒரு அளவாம்மா? எருமைக்கும் கழுத்து இருக்கு, கோழிக்கும் கழுத்து இருக்கு.” அவர் விசிறியை வைத்தார். “சரி, பேச்சுக்கு அஞ்சடின்னு வச்சிக்குவோம். போன வருசம்?”

“பெய்யலய்யா.”

“அதுக்கு முந்தி?”

“நான் வாக்கப்பட்டு வந்து இதுதான் மொதத் தடவ.”

“முப்பது வருசத்துக்குச் சராசரி எடுக்கணும்.” அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது. “ரெண்டு அங்குலம்.”

“எதுய்யா?”

“உங்க ஊர்ப் பனி.”

“பெய்ஞ்சது அஞ்சடிய்யா.”

“பெய்யுறது இந்த வருசம் இருக்கும், அடுத்த வருசம் போயிரும். சராசரி நெலையானது. அரசாங்கம் நெலையானதத்தான் பாக்கும். உங்க ஊருக்கு இயல்பு ரெண்டு அங்குலம், பெய்ஞ்சதும் ரெண்டு அங்குலம். மாவட்டத்துலயே இவ்வளவு கரெக்டா பெய்ஞ்ச ஊரு உங்க ஊருதான். போயி எல்லார்கிட்டயும் சொல்லு, ஆய்வாளர் பாராட்டுனாருன்னு.”

“எங்க வீட்டுக்காரவிய உள்ள மாட்டியிருக்காவய்யா.”

“ரெண்டு அங்குலப் பனியில மனுசன் மாட்டணும்னா படுத்திருக்கணும். படுத்திருக்காரா?”

“நிக்காவ.”

“அப்ப மாட்டலம்மா. நிக்காரு. ஒரு ஆம்பள வெறுமன நிக்கிறதுக்கு நான் என்ன செய்ய முடியும்?”

உப்பு மூட்டை சரிந்தால் தோள் கொடுத்து நிறுத்தலாம். இந்த ஆள் சொல்வது எல்லாப் பக்கமும் நேராக இருந்தது. எங்கே தோள் கொடுப்பது என்று சந்தனமாரிக்குத் தெரியவில்லை. அவள் மேஜைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கல் மாதிரி உட்கார்ந்தாள். வேர்வை வடிந்தது. ஆய்வாளருக்கு அவள் உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை.

“இங்க பாரு, இந்த வருசத்த மட்டும் தனியா அளந்துட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல. நானே வந்து எழுதுதேன். ஆனா அளவுகோல் வந்து நிக்கணும்.”

“அளவுகோல் எங்க இருக்குய்யா?”

“டீக்கடையில இருப்பான்.”

அந்த வட்டாரத்துக்கு அளவுகோல் அரியமுத்து. அவனுடைய அப்பாதான் முதலில் அளவுகோலாக இருந்தார். ஆறடி ஆள். பெய்த பனியில் போய் நிற்பார். முட்டளவு, தொடையளவு, இடுப்பளவு என்று எழுதிக்கொள்வார்கள். அவர் வேலையில் இருக்கும்போதே செத்ததால் கருணை அடிப்படையில் மகனுக்கு வேலை கொடுத்தார்கள். மகன் நாலடி. அப்பா காலத்தில் தொடையளவு நின்ற பனி மகன் காலத்தில் இடுப்புக்கு வந்தது. பனிப்பொழிவு பெருகிவிட்டது என்று துறை விழா எடுத்தது. பிறகு அரியமுத்துவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. டீக்கடையில் வடைச்சட்டி பக்கத்தில் உட்கார ஆரம்பித்தான். அங்கே பனி தங்காது. அடுத்த வருஷம் வட்டாரம் முழுவதும் பனி பூஜ்யம். பனிப்பஞ்சம் என்று அறிவித்து, துறை அதற்கும் ஒரு விழா எடுத்தது.

சந்தனமாரி போனபோது அவன் பருப்பு வடையைப் பிட்டு ஊதிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

“உங்க ஊரு குளுருமேக்கா.”

“பனி பெய்ஞ்சா குளுரத்தான் செய்யும்.”

“அதான் சொல்லுதேன். குளுருற எடத்துக்குப் போயி பனிய அளக்கணும்னா உடம்பு என்னத்துக்கு ஆவும்? இங்கன இருந்தே அளந்து சொல்லுதேனே. பூஜ்யம். எழுதிக்கோங்க.”

“நடந்து வரவேண்டாம் தம்பி.”

“பின்ன?”

அவள் முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்தாள். கடைக்காரரைக் கைகொடுக்கச் சொன்னாள். டீக்கடைக்காரர் அரியமுத்துவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். உப்புப் பெட்டியைவிட அவன் ரொம்பக் கனமில்லை. தலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். வடையையும் கொண்டுவந்தான். தூக்கிக்கொண்டு போனால் பயணப்படி உண்டு என்பதால் தகராறு எதுவும் செய்யவில்லை.

“மேடு பள்ளம் பாத்து நடங்கக்கா. அளவு குலுங்கக்கூடாது.”

“நீ எண்ணெய சிந்தாத. கண்ணுல வடியுது.”

அளத்துக்கு வந்து சேர்ந்தபோது உச்சிமாகாளியின் தலையில் காக்கை ஒன்று உட்கார்ந்திருந்தது. அவன் அதைத் துரத்தவில்லை. வெற்றிலை வாயிலேயே இருந்தது. தாடை இரண்டு பக்கமும் நின்றுபோயிருந்தது. கண் மட்டும் அவளைப் பார்த்தது. அவள் சூடு பறக்கக் கன்னத்தைத் தேய்த்தாள். பேச்சு திரும்பியது.

“வந்துட்டியா? தலையில யாருட்டி அது?”

“அளவுகோலு.”

“சின்னதா இருக்கே.”

“அரசாங்கத்துகிட்ட இதுதான் இருக்காம்.”

அவள் அரியமுத்துவைப் பனியில் இறக்கி நிறுத்தினாள். அவன் முட்டு போனது, இடுப்பு போனது, நெஞ்சு போனது. வடையை உயரத் தூக்கிப் பிடித்தான். பிறகு வடையும் போனது. மேலே குழி மூடிக்கொண்டது.

“எவ்வளவு தம்பி?” என்று குழி இருந்த இடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“எனக்கு மேல!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எவ்வளவு மேல?”

“அது எனக்குத் தெரியாது. எனக்கு அதிகாரம் என் தலை வரைக்கும்தான்!”

அந்த நேரத்தில் ஞானதிரவியம் ஜீப்பில் வந்தார். ஜீப்புக்குள் சித்திரை மாதம் இருந்தது. அவர் கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார். கொஞ்சம் அனல் வெளியே வந்தது. பெண்கள் நாலைந்து பேர் ஓடிப்போய்க் கையைக் காட்டிக் குளிர் காய்ந்தார்கள்.

“அளவுகோல் எங்க?”

“உள்ள இருக்கான்யா” என்றார் கங்காணி.

“கண்ணுக்குத் தெரியாத அளவுகோல வச்சி எழுத முடியாதே. நட்டமா நிக்கிற வேற பொருள் ஏதாவது இருக்கா?” அவர் சுற்றிப் பார்த்தார். “அது யாரு தலை?”

“எங்க வீட்டுக்காரவிய.”

“நேரா நிக்காரா?”

“அளத்துல வேல பாத்து அவிய நேரா நிக்கது இன்னைக்குத்தான்யா.”

ஞானதிரவியம் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எழுதிக்கொண்டார். “கழுத்து” என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

“கழுத்து ஒரு அளவான்னு கேட்டியளே” என்றாள் சந்தனமாரி.

“அது நீ சொல்லும்போது.” அவர் பேனாவை மூடினார். “இயல்பவிட ரொம்பக் கூடுதல். தாராளமா அள்ளுங்க.”

சொல்லி வாய் மூடுவதற்குள் பலகைகள் இறங்கின. சந்தனமாரி முன்னால் நின்றாள். பாக்கியத்தாய் இடப்பக்கம். கங்காணிகூட வேட்டியை மடித்துக் கட்டினார். வாரியும் இழுத்தும் தள்ளியும் பனியைக் கடல் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கடல் வாங்கிக்கொண்டது. நெஞ்சு தெரிந்தது. இடுப்பு தெரிந்தது. கால் தெரிந்தது. அரியமுத்துவும் அகப்பட்டான். குத்தவைத்து உட்கார்ந்து வடையின் கடைசித் துண்டைத் தின்றுகொண்டிருந்தான். பனிக்கு அடியிலேயே அவனுக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டதாம். எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு வாகைநல்லூர் பஸ் பிடிக்கப் போனான்.

பொழுது சாய்வதற்குள் பாத்தி களிமண் தெரியச் சுத்தமாகிவிட்டது. நடுவில் உச்சிமாகாளி நின்றான். கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருந்தது. தாடை மேலே தூக்கியிருந்தது.

“வாங்க, வீட்டுக்குப் போவோம்” என்றாள் சந்தனமாரி.

“வர முடியலட்டி.”

“ஏன்?”

“கழுத்து வரைக்கும் இருக்கு.”

அவள் அவனைச் சுற்றிக் கையால் துழாவினாள். காற்றுதான் இருந்தது. கையைப் பிடித்து இழுத்தாள். தள்ளிப் பார்த்தாள். கடைசியில் குனிந்து அவன் தொடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, மூட்டை தூக்குகிற மாதிரி மூச்சை அடக்கித் தூக்கினாள். அசையவில்லை. அவள் கைக்கு அசையாத சுமை என்று இதுவரை ஒன்று இருந்ததில்லை.

“என்னய்யா இது?” என்று ஜீப்பைப் பார்த்துக் கேட்டாள்.

“பனியத்தான் அள்ளச் சொன்னேன்” என்றார் ஞானதிரவியம். “அளவ எப்படிம்மா அள்ள முடியும்? எழுதியாச்சே. அடுத்த மார்கழியில மறுபடி அளக்குற வரைக்கும் தட்டான்மடைக்குக் கழுத்துதான். கவலப்படாத, இவரு இனிமே பொறுப்பு அளவுகோல். சம்பளம் வரும்.” கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஜீப் போன வழியில் சேறு மட்டும் கிடந்தது.

அளத்தில் ஒரே ஆரவாரம். கங்காணி உச்சிமாகாளிக்குச் சால்வை மாதிரி ஒரு சாக்கைப் போர்த்தினார்.

“ஏட்டி, ஒம் புருசனுக்கு அரசாங்க உத்தியோகம்!” என்று பாக்கியத்தாய் சந்தனமாரியின் கன்னத்தைக் கிள்ளினாள். “நின்னா சம்பளம்! எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கே. நிக்கக்கூடத் துப்பில்ல.”

உச்சிமாகாளி எல்லோரையும் பார்த்தான். ஆறேழு பேர் அவனைச் சார் என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தாடை மேலே தூக்கியிருந்ததால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

தை போனது, மாசி போனது. சந்தனமாரி காலையில் கஞ்சி கொண்டுவந்து, கவிழ்த்த பெட்டி மேல் ஏறி நின்று அவனுக்கு ஊட்டினாள். சாயங்காலம் முகம் துடைத்துவிட்டாள். வீட்டில் தனியாகப் படுத்தாள். பங்குனியில் கங்காணி அந்தப் பாத்திக்கும் தண்ணீர் விட்டார். அரசாங்க ஊழியரைச் சுற்றித் தண்ணீர் விடலாமா என்று கேட்டதற்கு, தண்ணீர் வேறு துறை என்று பதில் வந்ததாம்.

சித்திரை வெயில் களிமண்ணைப் பிளந்தது. உப்பளத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கஞ்சி குடிக்கிற நேரத்தில் பெண்கள் உச்சிமாகாளியின் நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேலே அவன் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தான். மூக்கு நுனியில் உறைபனி பிடித்திருந்தது.

“கொடுத்துவச்ச மனுசன்” என்றாள் பாக்கியத்தாய், வியர்வையை வழித்துக்கொண்டே. “நமக்குத்தான் வேகுது.”

அந்தப் பாத்தி நன்றாக விளைந்தது. அவன் கணுக்காலைச் சுற்றிக் கல் உப்பு பூத்து நின்றது. மற்றவர்கள் வேறு பாத்திக்குப் போனபிறகு சந்தனமாரி பலகையைக் கொண்டுவந்தாள். அவன் காலுக்குப் பக்கத்தில் வந்ததும் பலகையைக் கீழே போட்டாள். மண்டியிட்டு, விரல் இடுக்கில் ஏறியிருந்த உப்பைக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“கூசுதுட்டி” என்றான் மேலேயிருந்து.

அவள் கை நின்றது. கழுத்துக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியாமல் போய் நாலு மாசம் ஆகியிருந்தது. கங்காணி எந்தப் பக்கம் இருக்கிறார் என்று மட்டும் திரும்பிப் பார்த்தாள். அவர் தூரத்து வரப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவள் மறுபடியும் குனிந்து, உப்பே இல்லாத இடத்தில் விரலை விட்டுச் சுரண்டினாள். அவன் பெருவிரல் அசைந்தது.

“சும்மா நில்லுங்க” என்று கங்காணிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டு, அடுத்த விரலுக்குப் போனாள்.